ஏறியிருந்த சிடி4

எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கு வைரஸ்களுக்கும் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர், விஷயம் தெரிந்தவர். பேச்சு எச்ஐவியையும் எச்டிஎல்வி-1 என்ற இன்னொரு மனித ரெட்ரோவைரஸையும் பற்றியது. எச்ஐவி, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான நம் டி செல்களை அழிக்கிறது. எச்டிஎல்வி-1 அதே டி செல்களைச் சாகவிடாமல் பெருக்குகிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள், அதுவும் ஒரே செல்லுக்குள் வந்து சேர்ந்தால் ஒன்றின் கெடுதலை இன்னொன்று கொஞ்சமாவது ஈடுகட்டாதா என்பது அவர் வாதம். கையில் ஆதாரமும் வைத்திருந்தார்: இரண்டு தொற்றும் உள்ளவர்களுக்கு சிடி4 (எச்ஐவி குறிவைக்கும் டி செல் வகை) எண்ணிக்கை கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது உண்மைதான். எனக்கு அந்த முடிவு மட்டும் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையான ஒரு தகவலிலிருந்து தவறான இடத்துக்குப் போகிறோம் என்று பட்டது. எந்த இடத்தில் வழி பிசகுகிறது என்றுதான் பிடிபடவில்லை.

அந்த எண் எனக்கு வெறும் எண் இல்லை. சிடி4 எண்ணும் கருவி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்துக்கு வருகிறவர்கள் மற்ற எந்த ரிப்போர்ட்டையும் இவ்வளவு ஆவலாகக் கேட்பதில்லை. "மேடம், கவுண்ட் ஏறியிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. போன தடவை எவ்வளவு, அதற்கு முன் எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏறியிருந்தால் முகம் மலரும். இறங்கியிருந்தால் சாப்பாடா, தூக்கமா, மாத்திரை நேரமா என்று காரணம் தேடுவார்கள். மருத்துவமும் பல காலம் அந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்தது. மருந்தைத் தொடங்க 200 என்றார்கள், 2010இல் உலக சுகாதார நிறுவனம் 350 என்றது, 2013இல் 500 என்றது. கடைசியில் 2015இல் எண் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுங்கள் என்றது. இந்தியா 2017இல் அதற்கு மாறியது. அதுவரைக்கும் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி4 செல்கள் என்பதுதான் ஒருவருடைய சிகிச்சையின் அட்டவணை. ஆகவே அந்த எண் உயர்ந்தும் ஆள் நலமாக இல்லாத ஒரு நிலை உண்டு என்று படித்தபோது, அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் விட முடியவில்லை.

இரண்டு வைரஸ்களும் சந்திக்கும் இடம் ஒன்றுதான். ஏற்கெனவே ஏதோ ஒரு கிருமியைப் பார்த்துப் பழகி, நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் சிடி4 டி செல். இரண்டும் ரெட்ரோவைரஸ்கள் என்பதால் தம் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி நம் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகின்றன. அதற்கு மேல் குணம் வேறு. எச்ஐவி வெளியே வைரஸ் துகள்களைக் கொட்டுகிறது. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பிழை விடுகிறது. அதனால் வேகமாக மாறுகிறது. எச்டிஎல்வி-1 பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. இரண்டு செல்கள் ஒட்டி நிற்கும்போது அந்த ஒட்டும் இடத்தின் வழியாக அடுத்ததற்குள் நுழைகிறது. இதை 2003இல் லண்டனில் சார்லஸ் பேங்கமின் குழு படம்பிடித்தே காட்டியது. அப்புறம் அது தன்னைப் படியெடுக்கும் வேலையைச் செல்லிடமே விட்டுவிடுகிறது. செல் பிரிந்தால் வைரஸும் இரண்டாகிறது. ஒரே வீட்டில் குடியேறிய இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் வீட்டை இடித்து மரத்தை விற்கிறவர், இன்னொருவர் அனுமதியில்லாமல் மாடி மேல் மாடி எழுப்புகிறவர். என் நண்பர் இந்த இரண்டையும் கூட்டிக் கழித்தால் வீடு பழையபடி நிற்கும் என்று நினைத்தார்.

1983 மே மாதத்து இதழ்

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது புதிதில்லை. எய்ட்ஸுக்குக் காரணம் தேடிய நாட்களிலேயே அது தொடங்கிவிட்டது. எச்டிஎல்வி-1 முதலில் அடையாளம் காணப்பட்ட மனித ரெட்ரோவைரஸ். அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் குழு 1980இல் வெளியிட்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஜப்பானில் தகாத்சுகியும் உச்சியாமாவும் பெரியவர்களுக்கு வரும் ஒரு டி செல் ரத்தப் புற்றுநோயைத் தனி நோயாக விவரித்திருந்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தென்மேற்கு ஜப்பானில் பிறந்தவர்கள் என்பது அவர்கள் கண்ணில் பட்டது. அந்த நோய்க்கு எச்டிஎல்வி-1தான் காரணம் என்று பிறகு உறுதியானது. இந்தப் பின்னணியில்தான் 1983 மே 20 தேதியிட்ட சயின்ஸ் இதழ் வந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பாரே-சினூசியும் மொந்தான்யேவும் கண்ட புது வைரஸ் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அதே இதழில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலரிடம் எச்டிஎல்வி இருக்கிறது என்று காலோ தரப்பின் கட்டுரைகளும் இருந்தன. இரண்டுமே உண்மையான கண்டுபிடிப்புகள்தான். எய்ட்ஸை உண்டாக்கியது பாரிஸ் வைரஸ். எச்டிஎல்வி இருந்த அந்தச் சிலர், இன்று நாம் இரட்டைத் தொற்று என்று சொல்கிறோமே, அந்த நிலையில் இருந்தவர்கள்.

டி செல்லைப் பெருக்கிப் புற்றாக்கும் ஒரு வைரஸ், டி செல்லே இல்லாமல் போகும் ஒரு நோயை எப்படித் தரும் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் ஓரமாகப் போய்விட்டது. யார் முதலில் கண்டார்கள் என்ற சண்டை பல ஆண்டு நடந்தது, 2008இல் நோபல் பரிசு பாரிஸ்காரர்களுக்குப் போனது, அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. அந்த நோயாளிகளின் செல்களுக்குள் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதற்கான முதல் தெளிவான விடை ஜப்பானிலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில் வந்தது. 1981இல் கோச்சி மருத்துவக் கல்லூரியில் இசாவோ மியோஷி, ரத்தப் புற்று நோயாளி ஒருவரின் செல்களைப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்த வெள்ளணுக்களோடு சேர்த்து வளர்த்தார். தொப்புள்கொடிச் செல்களுக்கு எச்டிஎல்வி-1 தொற்றியது. அவை சாகாமல் பெருகத் தொடங்கின. எம்டி-2 என்ற செல் வரிசை அப்படிப் பிறந்தது. எம்டி-4 அதன் உறவு. 1985இல் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் ஹராதா, கொயனாகி, யமமோட்டோ மூவரும் இந்த எம்டி-2, எம்டி-4 செல்களுக்குள் எச்ஐவியை விட்டுப் பார்த்தார்கள். நண்பரின் கணக்குப்படி எச்டிஎல்வி ஏற்கெனவே குடியிருக்கும் செல், சாகத் தெரியாத செல், எச்ஐவிக்குக் கொஞ்சமாவது எதிர்த்து நிற்க வேண்டும். நடந்தது நேர்மாறு. எச்ஐவி அவற்றில் அபாரமாகப் பெருகியது, செல்கள் சில நாட்களிலேயே கொத்துக் கொத்தாகச் செத்தன. எவ்வளவு துல்லியமாகச் செத்தன என்றால், செத்த திட்டுகளை எண்ணியே ஒரு கரைசலில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று அளக்க முடிந்தது.

உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. புது மருந்து ஒன்று எச்ஐவியைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? எம்டி-4 செல்லில் எச்ஐவியைப் போடு, மருந்தைப் போடு, ஐந்து நாள் கழித்துச் செல் உயிரோடிருக்கிறதா என்று பார். ஏஇசட்டி என்று நாம் சொல்லும் ஜிடோவுடின் எச்ஐவியைத் தடுக்கிறது என்று 1985இல் ஹிரோவாகி மித்சுயா காட்டியதும் எச்டிஎல்வி-1 மூலம் சாகாத்தன்மை பெற்ற ஒரு டி செல் வரிசையில்தான். எச்ஐவிக்கான முதல் மருந்து, ஒரு வகையில், இரட்டைத் தொற்று உள்ள செல்லில் பிறந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தாங்குவதில்லை.

செல்லுக்குள்ளே

ஏன் அப்படிச் செத்தன என்பதற்கு விடை டாக்ஸ் என்ற புரதத்தில் இருக்கிறது. எச்டிஎல்வி-1 உற்பத்தி செய்யும் புரதம் அது. செல்லை ஓய்வெடுக்க விடாமல் தூண்டிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதற்காகச் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற தூண்டல் பாதையை முடுக்கிவிடுகிறது. சாதாரணமாக இந்தப் பாதை, செல் ஒரு கிருமியைச் சந்திக்கும்போது கொஞ்ச நேரம் இயங்கிவிட்டு அடங்கிவிடும். எச்ஐவியின் மரபணு தொடங்கும் இடத்தில் அதே என்எஃப்-கப்பா-பி வந்து உட்காருவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. ஓய்வில் இருக்கும் செல்லில் எச்ஐவி பல ஆண்டு சத்தம் போடாமல் கிடக்கும். செல் விழித்தால் அதுவும் விழிக்கும். டாக்ஸ் செல்லை விழிக்க வைக்கிறது. எச்டிஎல்வி தன் லாபத்துக்காகச் செய்யும் காரியம், பக்கத்தில் தூங்கிக் கொண்டிருக்கும் எச்ஐவிக்கு உற்பத்தி ஆணையாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம் படித்தபோது உண்மையிலேயே கலக்கமாக இருந்தது. ஒரே செல்லில் இரண்டு வைரஸ்களும் துகள்களைக் கட்டும்போது, ஒன்றின் உள்ளுடம்பு இன்னொன்றின் மேலுறையைப் போட்டுக்கொண்டு வெளியேற முடியும். எச்ஐவி நுழைய வேண்டுமானால் செல்லின் மேல் சிடி4 இருக்க வேண்டும். எச்டிஎல்வியின் மேலுறை அணிந்த எச்ஐவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை; சிடி4 இல்லாத செல்களுக்குள்ளும் அது நுழைந்ததை 1991இல் ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள். அது ஆய்வுக்கூடத்துத் தட்டில் நடந்தது என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இதை வைத்து யாரும் பயம் கிளப்ப வேண்டாம்.

ஆய்வுக்கூடத்துச் செல்களை அப்படியே மனித உடம்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எம்டி-2, எம்டி-4 செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வாசல் இருக்கிறது, சிசிஆர்5 இல்லை. எச்ஐவியில் சிசிஆர்5 வழியாக நுழையும் ரகம்தான் தொற்றின் ஆரம்பக் காலத்தில் உடம்பில் மிகுந்திருப்பது. அந்த ரகம் இந்தச் செல்களில் வளராது. பலருக்கு நோய் முற்றும்போது தலைகாட்டும் சிஎக்ஸ்சிஆர்4 ரகம் மட்டும்தான் வளரும். அதனாலேயே அந்த ரகத்தைக் கண்டுபிடிக்க எம்டி-2 பரிசோதனை என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. அப்படியானால் கூடத்தில் கிடைத்த விடை ஒரு பக்கத்து விடை. நோயாளிகளிடம் என்ன நடந்தது என்று பார்க்காமல் நண்பருக்குப் பதில் சொல்ல முடியாது.

ரியோவில் கண்டது

எனக்குத் திருப்பம் தந்தது 1994இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ரியோ டி ஜெனீரோவில் எச்ஐவி உள்ளவர்களிடையே எச்டிஎல்வி-1 சேர்ந்திருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஷெக்டரும் உடனிருந்தவர்களும் ஒப்பிட்டார்கள். பிரேசிலில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எச்டிஎல்வி-1 அங்கே பல நகரங்களில் சாதாரணமாகக் காணப்படுவது, பாஹியா மாநிலத்தின் தலைநகர் சால்வடோரில் மக்கள்தொகையில் ஏறக்குறைய 1.8 சதவீதம் பேருக்கு இருக்கிறது. ரியோ ஆய்வு கண்டது இதுதான்: இரட்டைத் தொற்று உள்ளவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை கூடுதல். ஆனால் அவர்களுடைய நோய் முன்னேறிய நிலையில் இருந்தது. எண் நன்றாக இருந்தது, ஆள் நன்றாக இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க வழிகாட்டுதல்படி சிடி4 500க்குக் கீழே போனால் ஏஇசட்டி, 200க்குக் கீழே போனால் நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் தடுக்கும் மருந்து. எண் இறங்காததால் இந்த இரண்டுமே தாமதமாகக்கூடிய மனிதர்கள் இவர்கள். சிடி4ஐ மட்டும் வைத்து இவர்களுக்கு முடிவெடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

இதைப் படித்த பிறகுதான் வழி பிசகிய இடம் எனக்குத் தெரிந்தது. நாம் எண்ணுவது சிடி4 என்ற அடையாளம் தாங்கிய செல்களை. கருவி ஒரு செல்லின் மேல் சிடி4 இருக்கிறதா என்று பார்க்கிறது, இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்கிறது. அந்தச் செல்லுக்குக் காசநோய்க் கிருமியை அடையாளம் தெரியுமா, ஒரு பூஞ்சையைப் பார்த்தால் எச்சரிக்கை கொடுக்குமா என்று கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. எச்ஐவி மட்டும் உள்ளவரிடம் இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் எண்ணிக்கையும் திறமையும் அங்கே ஏறக்குறையச் சேர்ந்தே இறங்குகின்றன. எச்டிஎல்வி-1 அந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. அது ஒரு சிடி4 செல்லைப் பிடித்து அதே செல்லின் நகல்களாக ஆயிரக்கணக்கில் பெருக்குகிறது. ஒரு ஆரோக்கியமான மனிதரின் டி செல்கள் லட்சக்கணக்கான வெவ்வேறு கிருமிகளுக்குத் தயாராக இருக்கும் பலவகைக் கூட்டம். எச்டிஎல்வி வளர்த்துவிட்ட பகுதியோ நகல் செல்களின் திரள். எச்ஐவி பலவகைக் கூட்டத்தை அரித்துக்கொண்டே போகிறது, எச்டிஎல்வி காலியான எண்ணிக்கையைத் தன் நகல்களால் நிரப்புகிறது. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது சின்ன அளவு என்றும் நினைக்க வேண்டாம். எச்டிஎல்வி-1ஆல் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடை தளர்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. 1985இல் மார்டினிக் தீவில் ஜெசைனும், 1986இல் ககோஷிமாவில் ஒசாமேயும் வைரஸோடு தொடர்புபடுத்தியது. அந்த நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் நூற்றுக்குப் பத்து அளவுக்குக்கூட வைரஸின் மரபணு செருகப்பட்டிருப்பது உண்டு. அத்தனை செல்கள் வைரஸ் சொல்லித் தங்கியிருப்பவை. சால்வடோரிலிருந்து பின்னர் வந்த ஆய்வு, இரட்டைத் தொற்று உள்ளவர்கள் எச்ஐவி மட்டும் உள்ளவர்களைவிடக் குறைந்த காலம் உயிர்வாழ்ந்ததாகச் சொன்னது. நண்பர் காட்டிய அதே உயர்ந்த எண்ணை நான் இப்போது நோயின் அறிகுறியாகத்தான் பார்க்கிறேன்.

நண்பர் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை, அது வேறொரு வைரஸுக்குப் பொருந்துகிறது. எச்டிஎல்வி-1க்கு 1982இல் கண்டறியப்பட்ட தம்பி ஒன்று உண்டு, எச்டிஎல்வி-2. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் சிலரிடையேயும், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களிடையேயும் காணப்படுவது. இது சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்களை அதிகம் விரும்புகிறது. தொற்றிய செல்கள் கெமோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் சிலவற்றைச் சுரக்கின்றன, இவை சிசிஆர்5 வாசலில் போய் உட்கார்ந்துகொள்பவை. வாசல் அடைபட்டால் எச்ஐவியின் பெரும்பான்மை ரகம் உள்ளே வர முடியாது. இதே கெமோகைன்கள் எச்ஐவியைத் தடுக்கின்றன என்று 1995இல் கண்டதிலிருந்துதான் சிசிஆர்5 வாசலே அடையாளம் தெரிந்தது. அதை அடைக்கும் மராவிராக் மருந்து 2007இல் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நோயாளிகளைப் பார்த்து 2004இல் வெளிவந்த ஆய்வில், எச்டிஎல்வி-2 சேர்ந்திருந்தவர்கள் எய்ட்ஸை நோக்கி மெதுவாகவே நகர்ந்தார்கள். அதே நேரம் இரட்டைத் தொற்று உள்ளவர்களுக்கு நரம்புக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. ஆகவே இங்கேயும் நண்பன் என்று தோளில் கைபோட முடியாது.

மருந்து தொடாத வைரஸ்

இன்று எச்ஐவி மருந்துகள் அற்புதமாக வேலை செய்கின்றன. ஒழுங்காக எடுத்தால் ரத்தத்தில் எச்ஐவி தென்படாத அளவுக்குக் குறைகிறது. எச்டிஎல்வி-1 மட்டும் அதே மாத்திரைகளுக்கு அசைவதில்லை. காரணம் அதன் வாழ்முறைதான்: புதிது புதிதாகச் செல்களைத் தொற்றிப் பெருகும் வைரஸை ஆர்என்ஏ, டிஎன்ஏ மாற்றத்தைத் தடுத்து நிறுத்தலாம்; தொற்றிய செல்லோடு சேர்ந்தே இரண்டாகும் வைரஸுக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை. இதில் ஏஇசட்டியின் கதை விசித்திரமானது. 1964இல் புற்றுநோய்க்காகத் தயாரித்து, பலன் இல்லை என்று ஒதுக்கினார்கள். 1985இல் எச்டிஎல்வி சாகாவரம் கொடுத்த செல்களில் அது எச்ஐவியைத் தடுத்தது. 1995இல் அதையே இன்டர்ஃபெரான் என்ற புரத மருந்தோடு சேர்த்து, எச்டிஎல்வி-1 உண்டாக்கும் ரத்தப் புற்றுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

நம் ஊரில் இது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதற்கு நியாயமும் இருக்கிறது. ரத்த வங்கிகளில் கட்டாயமாகப் பார்ப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. எச்டிஎல்வி அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே அது மிக அரிது. ஜப்பான் 1986இலும் அமெரிக்கா 1988இலும் தானமாக வரும் ரத்தத்தில் எச்டிஎல்வி பார்க்கத் தொடங்கிவிட்டன. உலகம் முழுக்கக் குறைந்தது 50 லட்சத்திலிருந்து 1 கோடிப் பேருக்கு எச்டிஎல்வி-1 இருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. 2018இல் காலோவும் பல விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி இதைக் கவனிக்கச் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்கு ஒரு முக்கியத் தூண்டுதல் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே, சில ஊர்களில் பெரியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இது இருப்பதாகத் தெரியவந்தது.

எல்லோருக்கும் மருந்து என்ற காலம் வந்துவிட்டதால் சிடி4 எண் ஏமாற்றினாலும் பாதகமில்லை என்று நண்பர் இப்போது சொல்கிறார். மருந்தைத் தொடங்குவதைப் பொறுத்தவரை சரிதான். நிறுத்துவதில்தான் எனக்குக் கவலை. எண் ஓர் அளவுக்கு மேல் ஏறி நிலைத்துவிட்டால் நிமோனியா முதலான தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். சால்வடோரிலோ, லிமாவிலோ, மார்டினிக்கிலோ, எச்டிஎல்வி-1 புழங்கும் எந்த ஊரிலோ அந்த முடிவை எடுக்கும் முன் ஒரே ஒரு எச்டிஎல்வி பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்க இருக்கும் வைரஸ் அது. அதனால் ஒருமுறை பாசிட்டிவ் என்று உறுதியானால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். அப்புறம் அந்த ஃபைலைத் திறக்கும் மருத்துவர், சிடி4 எவ்வளவு என்று பார்ப்பதோடு நிற்காமல், இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, எடை குறைந்திருக்கிறதா, கால் நடக்கும்போது இழுக்கிறதா என்றும் கேட்பார்.